ஈரக் காற்றும் இலவம் பஞ்சும்

ஆனி மாதம் பிறந்து, அரபிக் கடலிலிருந்து புறப்பட்ட மேல்காற்று ஆரியங்காவுக் கணவாயின் வழியே புகுந்து, திரிகூட மலையின் சிகரங்களை மேகம் மறைத்து, பேரருவியிலும் ஐந்தருவியிலும் ஜலம் விழத் தொடங்கிவிட்டது என்ற செய்தி பரவியவுடன், தென்காசி, இலஞ்சி, மேலகரம், குற்றாலம் ஆகிய ஊர்களின் வீடுகளிலெல்லாம் பரண்மேல் கிடந்த படுக்கைகள் கீழே இறங்குகின்றன. சாரலுக்கு வருகிற பந்துக்களுக்குப் பாயும் மெத்தையும் தலையணையும் போட்டு உபசரிப்பது எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த சந்தோஷம். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்த காலத்தில் அவருடைய இல்லத்துக்கு ராஜாஜியும் கல்கியும் இன்னும் எத்தனையோ அன்பர்களும் வந்து தங்கியதைப் பற்றிப் படிக்கிறபோதெல்லாம், அந்த விருந்தோம்பலுக்குப் பின்னால் எத்தனை உறைகள் துவைக்கப்பட்டு, எத்தனை தலையணைகள் உலர்த்தப்பட்டிருக்க வேண்டும் என்றும் சேர்த்தே நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இதிலே ஒரு சங்கடம் இருக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்து நிற்கிற அந்த இரண்டு மூன்று மாதங்களில்தான், வருஷத்தின் மற்றக் காலமெல்லாம் மூடிக் கிடந்த உபரிப் படுக்கைகள் உபயோகத்துக்கு வருகின்றன. பிரித்து உதறியவுடன் ஒரு முடை நாற்றம் எழுகிறது. உறையின் ஓரங்களில் மிளகு தூவினாற்போலக் கரும்புள்ளிகள் தென்படுகின்றன. வந்தவர்களில் இழுப்பு உபத்திரவம் உள்ளவர் ஒருவர் இருந்துவிட்டால் அன்றிரவு அவர் உறங்குவதில்லை. மதினிமார்களும் சிநேகிதிகளும் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "இதை எப்படித் துவைக்க?" என் அபிப்பிராயத்தில் அந்தக் கேள்வியைச் சற்றே திருப்பி, எப்படி உலர்த்துவது, எப்போது உலர்த்துவது என்று கேட்பதே உசிதம். படுக்கையின் அழுக்கில் பெரும்பகுதி ஈரத்தை ஆதாரமாகக் கொண்டே விருத்தியாகிறது; துவைப்பு அதை ஒருநாள் போக்குமேயன்றி, உலர்ந்த நிலையில் வைத்துக் காப்பாற்றுகிற கைப்பழக்கம் இல்லாதவரை அது மறுபடி மறுபடி வந்துகொண்டேயிருக்கும்.

அந்த ஈரம் மழையினால் மட்டும் வருவதென்று நினைக்க வேண்டாம். நித்திரை செய்கிற மனித தேகம் சுவாசத்தின் வழியாகவும் தோலின் வழியாகவும் ஓர் இரவில் ஏறக்குறைய கால் லிட்டர் ஜலத்தை ஆவியாக வெளிவிடுகிறது என்றும், அதில் ஒரு பங்கு மெத்தைக்கும் தலையணைக்கும் போய்ச் சேருகிறது என்றும் அறிந்தால், காலையில் எழுந்தவுடன் படுக்கையைச் சுருட்டி மூலையில் சாத்துவதும், கட்டில் மெத்தையின்மேல் அழகாக விரிப்பை இழுத்துச் செருகி மூடிவிடுவதும் எவ்வளவு பிசகான காரியங்கள் என்பது விளங்கும். எழுந்ததும் போர்வையை விலக்கிவிட்டு, ஜன்னலைத் திறந்து, ஒரு மணி நேரமாவது படுக்கையைக் காற்றாட விட்டுவைப்பதே இந்த விஷயத்தில் முதற்பாடம். பருத்தி நூல் சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. காற்றில் ஈரம் ஏற ஏற அந்தப் பங்கும் ஏறும். சாரல் நாளில் கொடியில் கிடந்து காய்ந்த துணிகூடக் கைக்குக் குளிர்ந்து படுவதன் காரணம் இதுவே. பாலியெஸ்டர் நூலோ நூற்றுக்கு அரைப் பங்குகூட ஏற்பதில்லை. ஆகையால் அது விரைவில் உலர்கிறது, ஆனால் உறங்குகிறவரின் வியர்வையை வாங்கிக்கொள்ளாமல் அவர் தோலின்மேலேயே நிறுத்திவிடுகிறது.

தூசியினால் இழுப்பு வருகிறது என்று நம்முடைய பெரியவர்கள் வெகு காலமாகச் சொல்லி வந்தார்கள். அந்தத் தூசியில் குற்றவாளி எது என்பதை நெதர்லாந்து தேசத்து லெய்டன் நகரத்தில் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா என்ற ஆராய்ச்சியாளர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் 1964-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார்கள். மனிதத் தோலிலிருந்து உதிர்கிற செதில்களை ஆகாரமாகக் கொண்டு, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே பருமனுள்ள ஒருவகை உண்ணி படுக்கைகளில் வாழ்கிறது. அதன் மலத்திலுள்ள புரதமே மூச்சுக் குழாயைச் சீண்டுகிறது. இந்த ஜந்து ஜலத்தைக் குடிப்பதில்லை. தனக்கு வேண்டிய நீரைக் காற்றின் ஈரத்திலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே சில வாரங்கள் நின்றுவிட்டால் உடல் வற்றி மாண்டுபோகிறது. குற்றாலச் சாரலின் ஈரமோ அதற்கு வெகுவாக ஒத்துக்கொள்கிறது.

இங்கே எங்கள் பூமியின் ஒரு விசேஷத்தைச் சொல்ல வேண்டும். கணவாய் வழியே வருகிற காற்று குற்றாலத்திலும் தென்காசியிலும் தூறலைச் சிந்திவிட்டுக் கிழக்கே இறங்குகிறபோது, மழையை இழந்து, சற்றே வெப்பமடைந்து, வறண்ட காற்றாக மாறிவிடுகிறது. காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் நிற்கிறவரைத் தள்ளுகிற அதே காற்றுத்தான் சில மைல்களுக்கு அப்பால் பாவூர்சத்திரத்திலும் சுரண்டையிலும் ஆலங்குளத்திலும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. குற்றாலத்தில் கைக்குட்டை உலராத நாளிலே பாவூர்சத்திரத்தில் கனத்த ஜமுக்காளம் ஒரு பொழுதில் உலர்ந்துவிடுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கிழக்கே உறவினர் வீடு உள்ளவர்கள், ஆடி மாதத்தில் ஒரு மெத்தை நனைந்துவிட்டால், அதை இங்கேயே வைத்துக்கொண்டு வருந்தாமல் ஒரு சிறு சரக்கு வண்டியில் ஏற்றி அங்கே அனுப்பிவிடலாம். எங்கள் குடும்பத்தில் இது வழக்கமாகவே நடந்து வருகிறது.

ஆனால் பெரிய காரியத்தை, அதாவது வீட்டிலுள்ள அத்தனை மெத்தைகளையும் தலையணைகளையும் வெளியே எடுத்துப் பிரித்து உலர்த்துகிற காரியத்தை, ஐப்பசி கார்த்திகை அடைமழை நீங்கி, மார்கழிப் பனியும் விலகிய பிறகு, மாசி தொடங்கிச் சித்திரைக்குள் முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆச்சியின் சட்டம். அந்த நாட்களில் தட்டட்டியின், அதாவது மொட்டை மாடியின், தளம் காலை எட்டு மணிக்கே காய்ந்துவிடும். முதல் நாள் மாலையிலேயே தளத்தைப் பெருக்கிக் கழுவி, காலையில் பழைய கோரைப்பாய்களை விரித்து, அவற்றின்மேல் தலையணைகளை ஒன்றையொன்று தொடாதபடி வரிசையாக வைத்து, நடுப்பகலில் ஒருமுறை புரட்டி, பிரம்பினால் தட்டித் தூசியைப் போக்கி, பொழுது சாய்வதற்கு வெகு முன்பே, அதாவது பிற்பகல் நான்கு மணிக்குள், உள்ளே எடுத்துவிடுவாள். பொழுது சாயச் சாயக் காற்றில் ஈரப்பதம் ஏறும், பகலெல்லாம் உலர்ந்த பஞ்சு அதை மறுபடி இழுத்துக்கொள்ளும் என்ற சாஸ்திரம் அவளுக்குப் புத்தகத்தில் படித்ததன்று. ஆனாலும் அவளுடைய ஆக்கினை அந்தச் சாஸ்திரத்துக்கு ஒரு துளியும் மாறுபட்டதில்லை. உள்ளே எடுத்த பிறகும் உடனே உறை போட விடமாட்டாள். கூடத்தில் பரப்பிச் சூடு ஆறிய பிற்பாடுதான் உறை.

இனி இலவம் பஞ்சைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனெனில் இந்த அருமையான பொருளைப் போல நம்மவரால் தவறாக நடத்தப்படுவது வேறில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தன் திருப்பாவையில் குறிப்பிடுகிற பஞ்ச சயனத்துக்கு விளக்கம் சொல்லுகிறவர்கள் எண்ணுகிற மெல்லிய பொருள்களில் அன்னத்தின் தூவியோடு இலவம் பஞ்சும் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோட்டங்களில், முக்கியமாகத் தேனி ஜில்லாவில் போடிநாயக்கனூர்ப் பக்கத்தில், மாசி பங்குனியில் இலை உதிர்ந்து நிற்கிற இலவ மரங்களில் காய்கள் முற்றி வெடிக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இந்தப் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே பொள்ளலான ஒரு நுண்ணிய குழல். அதன் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு காற்றே நிரம்பியிருக்கிறது. மேலே மெழுகு போன்ற ஒரு பூச்சு படிந்திருப்பதால் ஜலம் எளிதில் ஒட்டுவதில்லை. இரண்டாம் உலக யுத்த காலம் வரையில் கப்பல் மாலுமிகள் அணிந்த மிதப்பு அங்கிகளில் ஜாவாத் தீவிலிருந்து வந்த இலவம் பஞ்சு அடைக்கப்பட்டது இந்தக் குணத்தினால்தான். இழை வழவழப்பாகவும் குட்டையாகவும் இருப்பதால் நூலாக நூற்க உதவாது. தலைக்கு அடியில் வைப்பதற்கு இதைவிட இதமான பொருள் கிடையாது.

இந்தத் தலையணையைச் சோப்பு நீரில் ஊறவைத்துத் துவைத்தால் என்ன ஆகிறது? சோப்பு அந்த மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடுகிறது. ஜலம் இழையின் குழலுக்குள் புகுகிறது. பிழிகிறபோது மெல்லிய குழல்கள் நசுங்கி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. உலர்ந்த பிறகு கட்டி கட்டியாக, மாவு உருண்டை போல நிற்கிறது. உள்ளே மறைந்த ஈரம் பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கிறது. ஆகையால் இலவம் பஞ்சுத் தலையணையைத் துவைக்கவே கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்லுகிறேன். வெயிலில் போட வேண்டும், தட்ட வேண்டும், உறையைத் துவைக்க வேண்டும். அதற்குமேல் அழுக்கடைந்தால் தையலைப் பிரித்துப் பஞ்சை ஒரு பழைய கொசுவலைக்குள் கொட்டி, வாயைக் கட்டி, வெயிலில் புரட்டிப் புரட்டிப் போட்டு, தலையணையின் மேல்துணியை மட்டும் கொதிநீரில் துவைத்து உலர்த்தி, மறுபடி அடைத்துத் தைக்க வேண்டும். கொசுவலை இல்லாமல் திறந்த வெளியில் பஞ்சைப் பிரித்தால் எங்கள் மேல்காற்று அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்விடும். வாய்க்கும் மூக்குக்கும் ஒரு துணி கட்டிக்கொள்வது அவசியம். விளக்கோ கொசுவர்த்தியோ அருகில் இருக்கலாகாது. இலவம் பஞ்சு ஒரு நொடியில் தீப்பற்றுகிற பொருள்.

இந்தப் பஞ்சுக்கு இன்னொரு குணம் உண்டு; குற்றாலவாசிகள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். ஜலத்துக்குப் பகையான இந்த இழை எண்ணெய்க்கு நெருங்கிய நட்பு. தன் எடையைப்போலப் பல மடங்கு எண்ணெயை உறிஞ்ச வல்லது. எண்ணெய் தேய்த்து ஸ்நானம் செய்வதே பிரதான சுகமாக இருக்கிற ஊரிலே, தலையில் மிச்சமிருக்கிற எண்ணெய் இரவில் உறையைக் கடந்து பஞ்சுக்குள் இறங்கி, நாளடைவில் காற்றோடு சேர்ந்து சிக்குப் பிடித்து நாறுகிறது. ஒருமுறை உள்ளே இறங்கிய எண்ணெயை எந்த வெயிலாலும் எடுக்க முடியாது. எனவே இலவம் பஞ்சுத் தலையணைக்கு நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் ஓர் உள்ளுறையும், அதன்மேல் வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிற வெளியுறையும் ஆக இரண்டு போடுவது எங்கள் வீட்டு நியமம். எண்ணெய் ஸ்நானம் செய்த நாளில் அவற்றின்மேல் ஒரு பழைய துவர்த்துத் துண்டையும் விரித்துக்கொள்கிறோம்.

பங்குனி சித்திரையில் புதுப் பஞ்சு சந்தைக்கு வருகிறபோது மெத்தை தைக்கிறவர் தெருவிலே குரல் கொடுத்துக்கொண்டு வருவார். பழைய பஞ்சைத் தட்டிப் பிரித்து, பொடியாகிப்போனதை ஒதுக்கி, புதியதைக் கலந்து அடைப்பது அவர் கைவேலை. திண்ணையில் அமர்ந்து, நீண்ட ஊசியில் கெட்டி நூல் கோத்து, நான்கு மூலையும் சமமாக நிரம்பும்படி கையாலேயே நிதானித்து அவர் அடைக்கிற நேர்த்தியைச் சிறுவயதில் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். பஞ்சில் விதை கலந்திருக்கிறதா என்று ஆச்சி கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்ப்பாள். இலவங்கொட்டையில் எண்ணெய்ச் சத்து மிகுதி. விதை நீக்காத பஞ்சை அடைத்தால் தலைக்கு உறுத்துவதோடு, எலியும் பரணுக்கு வந்து சேரும். இன்று வாடகை வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு மலிவு விலையில் விற்கப்படுகிற தலையணைகளை வாங்குகிறவர்கள் ஓரத் தையலில் ஓர் அங்குலம் பிரித்துப் பார்த்து வாங்குவது நல்லது: பட்டுப்போல மின்னி, வெண்மையில் இளமஞ்சள் கலந்து, கையில் பிடித்து விட்டவுடன் எழுந்து நிற்பதே நல்ல இலவம் பஞ்சு.

கடையில் வாங்குகிற பாலியெஸ்டர் தலையணைகளின் கதை வேறு. அவற்றை இயந்திரத்திலேயே துவைக்கலாம். ஒன்றை மட்டும் போட்டால் சுழல்கலம் ஒருபுறமாக எடை சாய்ந்து ஆடும். இரண்டிரண்டாகப் போட்டு, தூளுக்குப் பதிலாகத் திரவ சோப்பை வழக்கத்தில் பாதியளவு விட்டு, கூடுதலாக ஒருமுறை அலசவிட வேண்டும். சோப்பு உள்ளே தங்கினால் அதுவே அழுக்கை இழுக்கும். உலர்த்துகிறபோது கொடியில் ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால் உள்ளிருக்கிற நார் முழுவதும் கீழே போய்த் தங்கிவிடுமாதலால், படுக்கையாகக் கிடத்தி, இரண்டு மணிக்கொருமுறை கையால் உதறிப் புரட்டிக் கொடுக்க வேண்டும். மேலே உலர்ந்துவிட்டதென்று நம்பாமல், நடுவில் அழுத்தி முகர்ந்து பார்த்து, குளிர்ச்சியும் வாடையும் இல்லையென்று நிச்சயம் செய்துகொண்ட பிறகே உறை போடலாம். சாரல் மாதங்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம் என்பது என் யோசனை. நனைந்த தலையணை மூன்று நாள் உலராமல் கிடந்தால் துவைக்காமல் விட்டதைக் காட்டிலும் கேடு அதிகம்.

ரப்பர் நுரைத் தலையணையையும் மெத்தையையும் ஜலத்தில் அமிழ்த்தவும் கூடாது, நேர்வெயிலில் போடவும் கூடாது. சூரிய கிரணம் பட்ட ரப்பர் விரைவில் மஞ்சளாகிப் பொடியாக உதிர்ந்துவிடும். நிழலும் காற்றும் போதும். தென்னை நார் மெத்தைக்கும் ஜலம் ஆகாது. இவ்வளவே.

உறைகளுக்கும் விரிப்புகளுக்கும் வருகிறேன். நம்மவர் தலையணை உறையில் காண்கிற மஞ்சள் கறைக்கு முக்கியக் காரணம் தேங்காய் எண்ணெய். அந்த எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி வெப்பத்துக்குக் கீழே உறைந்துபோகும் சுபாவம் உடையது. ஆடி மாதத்துக் காலையில் கிணற்று நீரையோ, மலையிலிருந்து இறங்கி வருகிற நீரையோ வாளியில் பிடித்து அதிலே உறையை ஊறவைத்தால், நூலிழைகளுக்கிடையில் எண்ணெய் கெட்டிப்பட்டு நிற்கிறதே தவிர வெளியே வருவதில்லை; எத்தனை சோப்புப் போட்டு எவ்வளவு பிரயாசைப்பட்டுத் தேய்த்தாலும் உலர்ந்தபின் வாடை அப்படியே இருக்கும். கைபொறுக்காத சூடுள்ள நீரில் ஒரு வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கரைத்து, அதிலே அரைமணி ஊறவைத்தால் எண்ணெய் உருகிக் கரைந்து வந்துவிடும். சமையல் சோடாவுக்கு இந்தக் காரம் போதாது. சலவை சோடாவைக் கையில் உறையில்லாமல் அள்ளவும் கூடாது. மஞ்சள் பூசிக் குளிக்கிறவர்களின் உறையில் சோப்புப் பட்டவுடன் கறை செந்நிறமாக மாறுவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை: காரம் பட்டால் மஞ்சள் சிவப்பது இயற்கை. அலசி ஈரத்தோடு நல்ல வெயிலில் விரித்தால் சூரியனே அதை வெளுத்துவிடும். இரத்தக் கறைக்கு மட்டும் சுடுநீர் ஆகாது. சூடு பட்டால் அது நூலோடு இறுகிவிடும், ஆகவே முதலில் குளிர்ந்த ஜலமே உபயோகிக்க வேண்டும்.

இழுப்பு உள்ளவர்களின் உறையையும் விரிப்பையும் 60 டிகிரி வெப்பத்தில் துவைத்தால் உண்ணிகள் மாண்டுபோகின்றன. நீரைச் சூடாக்குகிற இயந்திரம் இல்லாத வீட்டில் இதற்கு ஓர் எளிய வழி உண்டு: கொதிக்கிற நீர் ஒரு பங்கும், சாதாரண நீர் ஒரு பங்கும் கலந்தால் நம் ஊர்ச் சீதோஷ்ணத்தில் 60-க்குச் சற்று மேலேயே நிற்கும். வாளியை மூடிவைத்தால் சூடு விரைவில் இறங்காது. குழந்தைகளை எட்டவே வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும்.

இந்தச் சூட்டின் மகிமையை நாம் புதிதாகக் கண்டுபிடித்ததாக எண்ணுவது நியாயமாகாது. சிற்றாற்றங்கரையில் தலைமுறைகளாகச் சலவைத் தொழில் செய்து வந்த குடும்பத்தார் வெள்ளாவி வைத்துத் துவைத்தார்கள். உவர்மண் கரைத்த நீரில் துணிகளை நனைத்துப் பிழிந்து, பெரிய பானையில் ஜலத்தைக் கொதிக்கவிட்டு, அதன் வாயைச் சுற்றித் துணிகளை அடுக்கி மூடி, இராமுழுவதும் நீராவியிலே வேகவைத்து, விடிந்தபின் ஆற்றுக் கல்லில் அடித்து அலசி, மணலில் விரித்து உலர்த்தினார்கள். உவர்மண்ணில் இருப்பதும் சலவை சோடாவின் இனமே. ஆவியின் சூடோ இன்றைய இயந்திரங்கள் கொடுக்கிற 60 டிகிரிக்கு வெகு மேலே. எந்த வீட்டுத் துணி எது என்று தெரிவதற்காகச் சேங்கொட்டைச் சாற்றினால் அவர்கள் இட்ட குறி, துணி கிழிந்து போகிற வரையில் அழியாது. ரசாயனமும் சுகாதாரமும் கைப்பழக்கமாகவே கூடியிருந்த ஒரு பெரிய வித்தை அது. அதை வைத்திருந்தவர்களுக்கு நம் சமூகம் ஊர்ச்சோற்றையும் தாழ்ந்த இடத்தையும் கொடுத்ததேயன்றி, வித்வான்களுக்குரிய மரியாதையைக் கொடுக்கவில்லை. இதை எண்ணுகிறபோதெல்லாம் எனக்கு மனம் நோகிறது.

பாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து வீடுகளில் பத்தமடைப் பாய் ஒன்றாவது இராமல் இராது. தாமிரபரணிக் கரையில் விளைகிற கோரையை ஜலத்தில் ஊறவைத்து, மெல்லியதாகக் கிழித்து, சாயமேற்றி, பருத்திப் பாவிலோ பட்டுப் பாவிலோ நெய்கிற அந்த நுண்ணிய பாயை ஜலத்தில் முக்கி எடுத்தல் ஆகாது. ஈரத்துணியைப் பிழிந்து கோரையின் போக்கிலேயே துடைத்து, நிழலில் காற்றாட விட்டு, சுருட்டியே வைக்க வேண்டும். மடித்தால் கோரை முறியும். சாரல் காலத்தில் பச்சையாகப் பூசணம் பூத்தால், உலர்ந்த துணியால் துடைத்து, சற்றே இளவெயில் காட்டினால் போதுமானது. பவானி ஜமுக்காளத்துக்கு இத்தனை மென்மை வேண்டியதில்லை. ஆனால் ஜலம் குடித்த ஜமுக்காளத்தின் பாரம் சாமான்யமானதன்று, ஆகையால் சிறிய இயந்திரத்தில் திணிக்காமல், தட்டட்டியில் விரித்து ஜலம் விட்டு, துடைப்பத்தினால் தேய்த்துக் கழுவிக் கைப்பிடிச் சுவரில் போடுவதே சௌகரியம். முதல் இரண்டு அலசலில் சாயம் இறங்கும். வேறு துணியை அருகில் வைக்கலாகாது.

பச்சைக் குழந்தையின் தலைக்கு வைக்கிற கடுகுத் தலையணையையும் சிலர் அப்படியே ஜலத்தில் போட்டுவிடுகிறார்கள். கடுகு ஊறி முளைவிடும், அல்லது அழுகும். கொட்டிச் சலித்து, ஒரு நாள் வெயிலில் உலர்த்தி, துவைத்த பையில் மறுபடி நிரப்ப வேண்டும். இதைவிட முக்கியமானது ஒன்று: குழந்தையின் துணிகளையும் போர்வையையும் வைக்கிற பெட்டியில் பாச்சை உருண்டை போடாதிருப்பது. அந்த நாஃப்தலின் வாடை, ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த சிசுக்களின் இரத்த அணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்க வல்லது; எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை உண்டென்று பார்த்தவுடன் தெரியாது. துணிப்பெட்டியின் அடியில் நிழலில் உலர்த்திய வேப்பிலையும் வசம்புத் துண்டும் போட்டு வைத்ததே எங்கள் ஆச்சி காலத்துச் சம்பிரதாயம். இவற்றுக்குப் பூச்சியைக் கொல்லுகிற வலிமை அவ்வளவு இல்லாவிட்டாலும், துணி நன்றாக உலர்ந்திருந்தால் அதுவே போதுமானதாக இருந்தது. ஜலதோஷத்துக்கு நொச்சி இலையைப் பையில் அடைத்துத் தலைக்கு வைத்துக்கொள்கிற வீடுகளில், இலை நிறம் மாறியவுடன் எறிந்துவிட்டுப் புதியது அடைக்க வேண்டும். பச்சை இலையின் ஈரம் தலையணைக்குள் இறங்கினால் பூஞ்சணம் பிடிக்கும்.

சாரல் பெய்துகொண்டிருக்கிற நாட்களிலேயே வேலை வந்துவிட்டால் என்ன செய்வது? அறையின் மேற்குப்புற ஜன்னலைச் சாத்தி, கிழக்குப்புறத்தைத் திறந்துவைத்து, மின்விசிறியின் கீழ் இரண்டு நாற்காலிகளின் முதுகுகளுக்கிடையில் மெத்தையைப் பாலம்போலக் கிடத்தினால் அடிப்புறமும் காற்றுப் படும். விரிப்பும் உறையும் ஓரளவு உலர்ந்தபின் இஸ்திரிப் பெட்டியைப் போட்டு எடுத்தால் எஞ்சிய ஈரமும் போகும், உண்ணியும் சாகும். தரையில் நேராக மெத்தை போடுகிற வழக்கத்தை இந்த மாதங்களில் விட்டுவிட வேண்டும். குளிர்ந்த தரையில் ஈரம் படிந்து மெத்தையின் அடிப்புறம் வெளியே தெரியாமல் கறுத்துப்போகும். கட்டில் இல்லையென்றால் அடியில் ஒரு கோரைப்பாயும், காலையில் மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைப்பதும் அவசியம். கயிற்றுக் கட்டில் உள்ளவர்கள் பாக்கியசாலிகள். அதைப்போல அடியிலிருந்து காற்று ஏறுகிற படுக்கை வேறில்லை. கரும்புள்ளி விழுந்த வெள்ளை உறையை வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துத் துவைத்து, முதல் வெயில் கண்டவுடன் விரித்தால் பூசணமும் வாடையும் போகும். புள்ளியின் நிறம் பல சமயம் முழுதும் போவதில்லை, அதற்காக உறையைக் கிழியத் தேய்க்க வேண்டாம். வினிகரையும் பிளீச்சிங் பொடியையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கலாகாது. அதிலிருந்து எழுகிற வாயு விஷம்.

கடைசியாக ஜலத்தைப் பற்றி. குற்றால அருவிகளில் எண்ணெயும் சோப்பும் ஷாம்பூவும் உபயோகிப்பதை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடுத்தது எல்லோருக்கும் தெரியும். அருவியில் விழுந்த ஜலம் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. நம் வீட்டுச் சாக்கடையும் எந்தெந்த ஓடைகளிலோ சுற்றி அந்த ஆற்றையே சேருகிறது. பத்துப் பேர் வந்து தங்கிப் போனபின் படுக்கைத் துணிகளைத் துவைக்கிற நாளில் ஒரு வீட்டிலிருந்து இறங்குகிற சோப்பு நீர் கொஞ்சமல்ல. அதனாலே நான் சோப்புத் தூளைப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கிற அளவில் பாதிதான் போடுகிறேன். சூடான நீரும் ஊறுகிற நேரமும் மீதி வேலையைச் செய்துவிடுகின்றன. கம்பளிகளையும் மெல்லிய துப்பட்டிகளையும் பூந்திக்கொட்டைத் தோலை இரவில் ஊறவைத்துக் கசக்கிய நுரையிலே அலசுகிறேன், அந்த நீரைக் கொல்லையில் வாழைக்கு விடுகிறேன். சலவை சோடா கலந்த நீரை மட்டும் மண்ணில் ஊற்றுவதில்லை. சோடியம் ஏறிய மண் நாளடைவில் இறுகி, வேருக்குக் காற்றும் ஜலமும் போகாமல் செய்துவிடும்.